பிஸ்டனில் வார்த்த புல்லி

புல்லி வெடித்த அன்று பட்டறையில் நான்கு பேர் இருந்தோம். என் தம்பி நிவால்தோ அரென்சிபியா தன் கடைசல் இயந்திரமான லேத்தின் முன் நின்றிருந்தான். ரொட்டிக்கூடத்து சிச்சோ பரேத்தோ, தன் மாவு பிசையும் இயந்திரத்தின் சுழல் தண்டுக்காக ஒரு ஷாப்ட் கடைந்து வாங்கிப் போக வந்தவன், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு எதெல்மிரா தன் வழக்கப்படி ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக வாசலில் நின்றிருந்தாள். நான்காவது ஆள் நான், லியோகாதியா, நிவால்தோவின் அக்கா. காப்பித் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்தேன். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்ட பலர் உண்டு. அவர்கள் இல்லை.

சான் எலாதியோ சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அதன் தொலைபேசிப் பலகையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். ஒரு முனையில் சொன்னதை மறு முனைக்கு அப்படியே கொடுப்பது என் தொழில். மேலாளர் திட்டினால் திட்டையும் கொடுத்தேன். எதையும் கூட்டியோ குறைத்தோ கொடுத்ததில்லை. இதையும் அப்படியே சொல்கிறேன்.

மோட்டாரிலிருந்து லேத்துக்கு பெல்ட் ஓட்டும் சக்கரமான அந்த வார்ப்பிரும்புப் புல்லி பழையது. என் அப்பா போட்டது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மூன்று துண்டாகப் போனது. ஒரு துண்டு தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் எதெல்மிராவின் கோழிக்கூண்டின் மேல் விழுந்த சத்தம் கேட்டது. பெல்ட் தரையில் பாம்பு மாதிரி சுருண்டது. சிச்சோவின் ஷாப்ட் பாதி கடைந்த நிலையில் லேத்தின் பிடியில் நின்றுவிட்டது. தட்டிலிருந்த காப்பி ஒரு சொட்டும் சிந்தவில்லை என்பதை நான் கவனித்தேன்.

"கோழி ஏதும் செத்துச்சா?" என்றான் சிச்சோ.

"இருந்தாத்தான சாகறதுக்கு? போன மாசமே தின்னு முடிச்சாச்சு," என்றாள் எதெல்மிரா.

நிவால்தோ குனிந்து ஒரு துண்டை எடுத்து உடைந்த இடத்தைப் பார்த்தான். பாதி விரிசல் கறுத்திருந்தது. பல வருடமாக உள்ளுக்குள் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. மீதிப் பாதி மட்டும் புதிதாகப் பளபளத்தது.

"அவ்வளவுதான் மேஸ்திரி," என்றான் சிச்சோ. அவன் எதையும் வேடிக்கையாகத்தான் சொல்வான். "கதை முடிஞ்சுது. மரியெலிஸ் கூப்பிட்டுக்கிட்டே இருக்குல்ல, மூட்டையக் கட்டு. குரித்தீபாவுல குளிரு ஆளக் கொல்லுதாம். என் கம்பளிச் சட்டைய வேணா எடுத்துக்க, எனக்குத் தொப்பைல ஏற மாட்டேங்குது."

மரியெலிஸ் நிவால்தோவின் ஒரே மகள். பிரேசிலில் அந்தக் குரித்தீபா நகரத்தில் கோழிக் கறி ஆலையில் வேலை. ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு அழுவாள், அப்பா வந்துவிடு என்பாள். ஊரில் பாதிப் பேர் போய்விட்டார்கள். எங்கள் தெருவில் பூட்டிய கதவுகளைத்தான் எண்ண முடிகிறது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் பயந்து போனதில்லை. மரியெலிஸ் போனதுகூட கணவனோடு போனது.

நிவால்தோ துண்டை மேசை மேல் வைத்தான். அவன் அதிகம் பேசாதவன். அன்று பேசினான்.

"இந்த லேத்த நான் மறுபடி சுத்த வெச்சா இங்கயே இருந்து இங்கயே சாவேன். முடியலைன்னா போறேன். நாலு பேரும் கேட்டுக்கங்க."

"நாலு பேருன்னா உன்னையும் சேத்தா?" என்றான் சிச்சோ.

"என்னையும் சேத்துத்தான்."

எதெல்மிரா வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்து வைத்தாள். நான் காப்பியைக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை யாரும் திரும்ப எடுத்ததில்லை. கரும்பு அரவைக்கு முன் பெரிய உருளையைச் சரிசெய்து தருகிறேன் என்று ஆலை மெக்கானிக்கான அப்பா ஒருமுறை சொல்லிவிட்டார். தாத்தாவின் சவ ஊர்வலத்துக்குக்கூட ஆலையிலிருந்துதான் நேராகப் போனார், கையில் எண்ணெயோடு. அதற்கும் ஊரில் பேசினார்கள். உருளை ஓடியது.

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த லேத் சுற்ற வேண்டும்.

இரும்புப் புல்லி எங்கும் இல்லை. ஆலையைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போன பிறகு மிஞ்சியதையும் ஊர்க்காரர்கள் ஆணி வரை பிடுங்கிவிட்டார்கள். மரப்பலகையை வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டிச் செய்யலாமே என்றான் சிச்சோ. மழை பிடித்தால் ஊதிப்போகும் என்று நிவால்தோ ஒரே வார்த்தையில் தள்ளினான். அலுமினியத்தில் வார்ப்பது என்று முடிவு செய்தான். கண்ட அலுமினியமும் ஆகாது. சட்டி பானை அலுமினியம் வெண்ணெய் மாதிரி, புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவிக்கான காடி ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். பிஸ்டன்தான் வேண்டும். கூட்டுறவுப் பண்ணையில் சக்கரம் இல்லாமல் நிற்கும் டிராக்டர்களுக்கு நடந்தே போய் வந்தான். இரண்டு பிஸ்டன்கள் கிடைத்தன. எடை பார்த்தான். போதவில்லை.

மறுநாள் காலை எதெல்மிரா கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் அவளுடைய இறந்துபோன கணவன் ரமோனின் மோட்டார் சைக்கிள் எஞ்சின் இருந்தது, பக்கத்தில் ஆள் உட்காரும் பெட்டி வைத்த அந்த ருஷ்ய வண்டியின் எஞ்சின். அவன் செத்த நாளிலிருந்து வண்டியைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தாள். வாரம் ஒரு முறை போர்வையைத் துவைப்பாள். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

"எதெல்மிரா, இது வேண்டாம்," என்றேன்.

"உங்களுக்கா குடுக்கறேன்? லேத்துக்குக் குடுக்கறேன் அக்கா."

"ரமோன் இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"அவரு இருந்தா வண்டியே தர மாட்டாரு. ஆனா இல்லையே." நிவால்தோவிடம் திரும்பினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? கழட்டத் தெரியாதா, அதுக்கும் நான்தான் வரணுமா?"

நிவால்தோ பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்தான். ஒரு ஓரத்தைச் சுத்தியலால் தட்டி உடைத்து வெயிலில் காட்டினான். உடைந்த முகம் உப்பைப் போலப் பொடிப்பொடியாக மின்னியது. "நல்ல சரக்கு," என்றான். எதெல்மிரா ஏதோ தன்னையே சொன்ன மாதிரி முகம் சிவந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனின் எஞ்சினைக் கொடுக்கும்போது அரென்சிபியா வீடு வெறுங்கையோடு நிற்க முடியாது. வார்ப்புக்கு முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்ய வேண்டும், அதை மணலில் பதித்து எடுத்தால்தான் அச்சு. நல்ல தேவதாரு வேண்டும் என்று நிவால்தோ தேடிக்கொண்டிருந்தான். என் அம்மாவின் துணி அலமாரிக் கதவை நானே கழற்றிக் கொண்டுபோய் வைத்தேன்.

"அக்கா, இது அம்மாவோடது."

"தெரியும். அறு."

மாதிரி அழகாக வந்தது. அதைப் பார்த்தவர்கள் புல்லியே இதுதானோ என்று நினைக்கும் அளவுக்கு மழமழப்பு. ஆற்று மணலையும் களிமண்ணையும் சலித்துக் கலந்தார்கள். மணல் பிடிப்பதற்குச் சர்க்கரையின் கழிவுப் பாகு விடுவது எங்கள் ஊர் வழக்கம். ஆலையின் வார்ப்புக்கூடத்தில் காலாகாலமாக அப்படித்தான். பிரிக்காமல் விட்ட ஆலைத் தொட்டி ஒன்றின் அடியில் இன்னும் கொஞ்சம் பாகு கிடந்தது, காவல்காரன் வாளியில் பிடித்துக் கொடுத்தான். நிவால்தோ விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். தண்ணீர் கலந்த பாகு. காவல்காரன் கள்ளச் சாராயக்காரர்களுக்கு விற்றுவிட்டு அளவைச் சரிக்கட்டத் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறான் என்பது ஊருக்கே தெரிந்தது. அதைக் காய்ச்சி வற்ற வைத்திருக்க வேண்டும். ஆனால் கரி எரியத் தொடங்கிவிட்டது. முள்மரக் கரி, எளிதில் கிடைப்பதில்லை. வானமும் கறுத்து வந்தது. "பரவாயில்ல, கொஞ்சம் கூட விட்டா பிடிச்சுக்கும்," என்றான் நிவால்தோ.

பழைய தீயணைப்பு உருளையை வெட்டிச் செய்த குடுவையில் பிஸ்டன்கள் உருகின. சிச்சோ துருத்தியின் கைப்பிடியைச் சுற்றினான். மேலே மிதந்த கசடை வழித்துவிட்டு, வெள்ளிபோல் கிடந்ததை நிவால்தோ அச்சின் வாயில் ஊற்றினான். ஒரு கணம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அச்சு ஏப்பம் விட்டது. மணலுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி உலோகத்தைத் திருப்பித் துப்பியது. ஒரு துளி சிச்சோவின் முன்கையில் ஒட்டிக்கொண்டது. அவன் சொன்ன வார்த்தைகளை நான் எழுதமாட்டேன்.

எதெல்மிரா அவன் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தாள். "கத்தாத, பிள்ளையா பெத்த?"

"பிள்ள பெத்தா கையிலயா சூடு வெப்பாங்க?"

ஆறிய பின் உடைத்துப் பார்த்தால் பாலாடைக்கட்டி மாதிரி உள்ளே எல்லாம் ஓட்டை. நிவால்தோ அதைக் கையில் எடுத்தான். "என் தப்பு," என்றான். "நாக்கு சொல்லிச்சு. நான் கேக்கல."

தீர்வைச் சொன்னவன் கட்டுப்போட்ட கையோடு மறுநாள் வந்த சிச்சோ. ரொட்டி அடுப்பு! காலை ரொட்டி எடுத்தபின் அந்த அடுப்பின் சூடு மதியம் வரை இறங்காது. புதிதாகப் பிடித்த அச்சை அதில் வைத்துக் காயவைக்கலாம். வைத்தார்கள். ரொட்டிக்கூடத்துக்குள் மணற்பெட்டி போவதைப் பார்த்த சனம் மாவில் மணல் கலக்கிறார்கள் என்று இரண்டு நாள் பேசியது. ரொட்டி அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது என்றான் சிச்சோ.

இரண்டாவது வார்ப்பு சத்தமே இல்லாமல் இறங்கியது. அச்சை உடைத்தபோது ஒரு ஓட்டை இல்லை. நிவால்தோ அதைச் சுத்தியலால் மெல்லத் தட்டினான். மணி மாதிரி ஒலித்தது. எதெல்மிரா சிலுவைக் குறி போட்டாள். நான் போடவில்லை, ஆனால் மனதுக்குள் ஏதோ இளகியதை மறைக்க உள்ளே போய்விட்டேன்.

இனி அதைக் கடைய வேண்டும். நடுவில் துளை, விளிம்பில் பெல்ட் உட்காரும் இரண்டு பள்ளங்கள். கடைவதற்கு லேத் வேண்டும். லேத் ஓடப் புல்லி வேண்டும். அதோடு கரண்டும் இல்லை. அந்த மாதம் பகலில் கரண்டு வந்தால் அது செய்தி. நிவால்தோ சிச்சோவின் சைக்கிளைக் கொண்டுவந்து தாங்கியில் நிறுத்தினான். பின்சக்கரத்து டயரைக் கழற்றிவிட்டு, வெறும் விளிம்பிலிருந்து லேத்தின் சுழல் தண்டுக்கு பெல்ட் போட்டான். ஒருவர் மிதிக்க வேண்டும், லேத் சுற்றும்.

சிச்சோ மிதித்தான். நிவால்தோ வெட்டுளியை இம்மி இம்மியாக நகர்த்தினான். அலுமினியம் உளியில் ஒட்டாமலிருக்க நான் கரண்டியால் மண்ணெண்ணெய் சொட்டினேன். எழுபத்தாறு வயதில் தெரு பார்க்க சைக்கிள் ஏறும் பழக்கம் எனக்கில்லை, ஆனால் கரண்டி பிடிக்கத் தெரியும். வெள்ளிச் சுருள்கள் விழுந்துகொண்டே இருந்தன.

"மேஸ்திரி," மூச்சு வாங்கினான் சிச்சோ. "லேத் இப்ப சுத்துதா இல்லையா?"

"சுத்துது."

"அப்ப சொன்ன சொல்லுப்படி நீ இங்கதான். நான் இறங்கலாமா?"

"நீ ஆயுசுக்கும் மிதிச்சா நான் ஆயுசுக்கும் இருக்கேன்."

"இறங்குங்க. நான் மிதிக்கறேன்," என்றாள் எதெல்மிரா.

அவள் சொன்னது சைக்கிளுக்குத்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சிச்சோ இறங்கினான். அவள் பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஏறி மிதிக்கத் தொடங்கினாள். சிச்சோவைவிடச் சீராக மிதித்தாள். நிவால்தோ தலை நிமிராமல் வேலை பார்த்தான். அவன் கழுத்து சிவந்திருந்தது. ரமோன் இறந்து எத்தனையோ வருடமாயிற்று, நிவால்தோவின் மனைவி இறந்து அதைவிட அதிகம். வேலியில் ஒரு ஆள் போகும் இடைவெளி எப்போதும் இருந்தது. அதை அடைக்கச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதன் வழியாக வரச் சொல்லி அவனும் சொன்னதில்லை.

புல்லி முடிந்தது. சாவிக் காடியை அரத்தால் ராவி, மோட்டார்த் தண்டில் ஏற்றி, பெல்ட் மாட்டிக் காத்திருந்தோம். கரண்டு வந்தது ஒரு மதியம். முதலில் தெருமுனையிலிருந்து கத்தல் கேட்டது, "வந்துருச்சூ!" என்று. பிறகு வீடு வீடாக அந்தச் சத்தம் எங்கள் வரை ஓடி வந்தது. நிவால்தோ சுவிட்சைப் போட்டான்.

லேத் சுற்றியது. பழைய புல்லிக்கு ஒரு முனகல் இருந்தது, எங்கள் குழந்தைப் பருவம் முழுக்கக் கேட்டது. இதற்கு அதுவும் இல்லை. நிவால்தோ ஒரு தீக்குச்சியைப் புல்லியின் விளிம்பருகே பிடித்தான். குச்சிக்கும் விளிம்புக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம். அது அகலவுமில்லை, குறுகவுமில்லை. ஆட்டமே இல்லை.

"மாதா!" என்றான் சிச்சோ. கட்டுப்போட்ட கையோடு நிவால்தோவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். எதெல்மிரா அழுதுகொண்டு, "எங்க ரமோன் வண்டி இப்பிடி ஒருநாளும் ஓடினதில்ல," என்றாள். அன்றே நிவால்தோ சிச்சோவின் ஷாப்டைக் கடைந்து முடித்தான். அவன் மனம் மாறும் என்று நான் பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்த மதியம் அது இல்லாமல் போனது. அவன் சொல்லிவிட்டான், லேத் சுற்றிவிட்டது.

ஷாப்ட் மாட்டிய மாவு இயந்திரம் மூன்று காலை ஓடியது. பிறகு மாவு வரவில்லை. அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். சிச்சோ வெறும் கூடத்தைப் பெருக்கிவிட்டு வந்து வாளியில் உட்காருவான். வேறு வேலை வந்தால் இரும்பு இல்லை. இரும்பு வந்தால் கரண்டு இல்லை. ஒருமுறை மூன்றும் சேர்ந்து வந்தது, ஒரு தண்ணீர் பம்பின் தண்டைத் தாங்கும் புஷ் வளையம், அரை மணி நேர வேலை. மற்ற நாட்களில் நிவால்தோ காலையில் பட்டறையைத் திறப்பான், துடைத்த இடத்தையே துடைப்பான், மாலையில் பூட்டுவான். ஞாயிறுகளில் மரியெலிஸ் கூப்பிடும்போது போனை வெளியே எடுத்துப் போய்ப் பேசத் தொடங்கினான்.

ஒரு பிற்பகல் தட்டில் காய்ந்த பீன்ஸில் கல் பொறுக்கியபடி பட்டறைப் பக்கம் போனேன். அவன் லேத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மெக்கானிக்கின் மகளுக்குத் தெரியும். நாளை ஓடப்போகும் இயந்திரத்துக்கு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு போதும். நிவால்தோ கிரீஸை விரல் கனத்துக்கு அப்பிக்கொண்டிருந்தான், வெட்டுளி நகரும் தண்டவாளங்களில், திருகுகளில், பற்சக்கரங்களின் இடுக்குகளில். ஆலையை மூடப்போகிறார்கள் என்பதை நான் அறிந்தது தொலைபேசியில் அல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது உருளைகளின் மேல் அதே கனத்தில் கிரீஸைப் பார்த்தேன். பலகைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. உத்தரவு பிறகுதான் வந்தது.

"இவ்வளவு எதுக்கு?" என்றேன்.

"மழைக்காலம்க்கா. துருப் பிடிக்கும்."

"தெனம் ஓடற மெஷின் துருப் பிடிக்காது."

அவன் கை நிற்கவில்லை. "தெனம் எதைக் கடையறது?"

"நாலு பேர் முன்னால சொன்ன."

"சொன்னேன்."

"அப்பா இருந்தா..."

"அப்பா இருந்தப்ப ஆலை இருந்துச்சுக்கா." குரல் உயரவில்லை. "சுத்தும்னு சொன்னேன், சுத்த வெச்சேன். சுத்தறத நின்னு பாக்கறது மட்டுமே வேலைன்னு ஆகும்னு எனக்குத் தெரியல. நீயும் வா. மரியெலிஸ் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றா."

"நான் எங்க வர்றது?"

"அதான் எனக்கும் தெரியல," என்றான். புல்லிக்கு மட்டும் அவன் கிரீஸ் போடவில்லை. அலுமினியம் துருப் பிடிக்காது.

பீன்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். கல் ஒன்றும் இல்லாத பீன்ஸை மறுபடி ஒருமுறை பொறுக்கினேன். இரு என்று அவனிடம் நான் கேட்கவில்லை. சொன்ன சொல்லை அவனுக்கு ஞாபகப்படுத்துவது என் கடமை, அதைச் செய்தேன். கெஞ்சுவது கடமை இல்லை.

அவன் போன காலை சிச்சோ கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்தான். யாரும் வேடிக்கை பேசவில்லை. எதெல்மிரா வேலிக்கு அந்தப்பக்கமே நின்றாள். நிவால்தோ அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான், கார் ஏறினான். பட்டறையிலிருந்து ஒரு திருப்புளிகூட எடுத்துப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் பேச்சு என் காதுக்கு வந்தது. முதலில் அஞ்சல் அலுவலகத்துப் பெண் அனுதாபமாகச் சொன்னாள்: "பாவம், அவ்வளவு பாடுபட்டு அந்தப் புல்லி வெடிச்சுப் போச்சாமே." பிறகு மருந்துக்கடையில். பிறகு ஆலையின் பழைய கொதிகலன்காரர் ஒருவர் நடுத்தெருவில் நின்று, அலுமினியம் தாங்காது, நான் அப்போதே நினைத்தேன் என்றார். அவர் எப்போதும் எதையும் நினைத்தவரில்லை.

மறுக்கும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். பகலில் கரண்டு வரக் காத்திருந்தேன். வந்தபோது பட்டறையைத் திறந்து, லேத்தை மூடியிருந்த கித்தானை விலக்கி, சுவிட்சைப் போட்டேன். கிரீஸின் பாரத்தில் லேத் முதலில் முக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. தீக்குச்சியை விளிம்பருகே பிடித்தேன். புல்லி ஆடவில்லை.

வேலிப் பக்கம் காலடி ஓடி வந்தது. எதெல்மிரா கையில் சோப்பு நுரையோடு, ஒரு காலில் செருப்பு இல்லாமல், வாசலைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். பட்டறையின் மூலைகளைப் பார்த்தாள். நுரை அவள் விரலிலிருந்து தரையில் சொட்டியது.

"நீங்களா அக்கா," என்றாள்.

"நான்தான்."

நான் சுவிட்சை அணைக்கவில்லை. இருவரும் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வெடிச்சுப் போச்சுன்னு யார் சொன்னது, எதெல்மிரா?"

அவள் மறைக்கவில்லை. "நான்தான். அவரு சொன்ன சொல்லு நாலு பேருக்குத் தெரியுமே. சுத்தியும் போயிட்டாருன்னு ஊரு பேசாதா? புல்லி போச்சுன்னா சொல்லு நிக்கும்ல. உங்க குடும்பத்துக்காகத்தான் சொன்னேன்."

"அவனுக்காகச் சொன்ன."

"சரி, அவருக்காக," என்றாள். சொல்லிவிட்டுப் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "விட்டுருங்க அக்கா. ஒரு புல்லிதான. அதுக்கு மானம் போகாது."

கரண்டு போனது. மோட்டார் அடங்கிய பிறகும் புல்லி கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று முழுவதும் யோசித்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. புல்லி உடைந்தது என்றால் என் தம்பி சொல் தவறாதவன். புல்லி ஓடுகிறது என்றால் அவன் கைதேர்ந்தவன், ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னதை விட்டுவிட்டுப் போனவன். இரண்டு மானமும் சேர்ந்து நிற்க வழியில்லை, நான் எப்படித் திருப்பிப் பார்த்தும். ஆனால் சொல் அவன் ஒருவனுடையது. புல்லியில் ரமோனின் பிஸ்டன் இருக்கிறது, அதற்காக என் அம்மாவின் அலமாரி கதவில்லாமல் நிற்கிறது, சிச்சோவின் கையில் தழும்பு இருக்கிறது. எதெல்மிரா மிதித்தது இருக்கிறது. அவள் அதைத் தன் வாயாலேயே உடைத்துவிட்டாள், போன ஒருவனுக்காக. அதை நான் ஏற்கமாட்டேன்.

மறுநாள் மாவு வந்திருந்தது. ரொட்டி வரிசை மூலை திரும்பி நின்றது. "கடைசி யாரு?" என்று கேட்டு என் இடத்தைப் பிடித்தேன். எதெல்மிரா முன்னால் இருந்தாள், தலை திருப்பவில்லை. கொதிகலன்காரர் அலுமினியம் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். சிச்சோ சன்னலில் என்னைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"லியோ அக்கா, வேணாம்," என்றான் மெதுவாக.

எல்லோருக்கும் கேட்கும்படி, தொலைபேசிப் பலகையில் பேசும் குரலில் சொன்னேன்:

"புல்லி உடையல. நேத்துகூட சுத்துச்சு. என் தம்பி தானாத்தான் போனான்."